எந்தப் பாட்டுப் புத்தகம் வாங்கலாம்?

நம் சிதறால் மலைமேல் ஒருமுறையேனும் ஏறாத மாணவி நம் பள்ளியில் இருக்கமாட்டாள். கல் பாவிய பாதையில் மூச்சு வாங்க நடந்து, பாறை முகத்தில் வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்களையும் குகையை அடுத்த பகவதி கோயிலையும் கண்டு, உச்சியில் சற்றே காற்று வாங்கி, கொண்டுபோன பொதியை அவிழ்த்து உண்டுவிட்டு இறங்கிவிடுகிறோம். அங்கே கல்லில் வெட்டியிருக்கும் எழுத்துகளின் முன் நிற்பவர் சிலரே.

திருச்சாணத்துமலை என்று பண்டைக் காலத்தில் வழங்கிய இம்மலையில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் சமணப் பெண் துறவி இம்மலைப் பகவதிக்குப் பொன் அணிகள் அளித்த செய்தியை அது கூறுகிறது. குரத்தி என்றால் பெண் குரு, ஆசிரியை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆசிரியையின் பெயர் நம் ஊர்க் கல்லில் ஏறியிருக்கிறது என்பது பெண்கள் பள்ளியாகிய நமக்குப் பெருமைதானே!

ஒருமுறை ஏழாம் வகுப்பு மாணவியரை அங்கே அழைத்துச் சென்றிருந்தோம். எழுத்துகளைக் கூர்ந்து பார்த்த ஒருத்தி, "டீச்சர், இது தமிழுதானா? பின்ன நமக்கு ஏன் வாசிக்க வரல்ல?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது. ஓசை காதுக்கு எட்டவில்லை. வட்டெழுத்து அறிந்த ஒருவர் வந்து வாய்விட்டு வாசிக்கும்வரை கல் பேசாது.

வீட்டிலும் பள்ளியிலும் நாம் வாங்கி அடுக்கும் பாட்டுப் புத்தகங்கள் பலவற்றின் நிலையும் இதுவே என்பதை நாங்கள் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தோம். இலக்கிய மன்றப் பொறுப்பாசிரியைகளும் நூலகச் சகோதரியும் சேர்ந்த சிறு குழுவே இங்கு 'நாங்கள்'. பரிசளிப்பு விழாவிற்கும் நூலகத்திற்குமாக ஆண்டுதோறும் புத்தகங்களைத் தேர்ந்தெடுப்பது எங்கள் பணி. ஓராண்டில் அவசரமாக ஒரு பெட்டி நிறையப் பாட்டுப் புத்தகங்களை வாங்கினோம். பளபளக்கும் அட்டை, பக்கந்தோறும் வண்ணப் படம், ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் ஓர் அறிவுரை. விலையும் ஒத்துவந்தது. ஓராண்டு கழித்து நூலகப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை ஒருமுறைகூட எவர் பெயரிலும் வெளியே போகவில்லை. அட்டை அப்படியே பளபளத்துக்கொண்டிருந்தது.

அதே ஆண்டு மன்ற விழாவில் நடந்தது இன்னும் வருத்தத்திற்குரியது. பாட்டு ஒப்பித்தல் போட்டிக்கு நாங்களே ஒரு பாட்டைத் தேர்ந்து கொடுத்தோம். கருத்து உயர்ந்தது, சொற்களோ கடினமானவை. நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மேடையேறி இரண்டு கண்ணி சொன்னாள், மூன்றாவதில் நின்றாள். முதலிலிருந்து தொடங்கினாள், அதே இடத்தில் மறுபடி நின்றாள். கூட்டம் இரக்கத்தோடு கைதட்டியது. கீழே இறங்கியவள் தன் வகுப்பாசிரியையிடம், "எனக்குப் பாட்டு வராது டீச்சர்" என்றாள். ஞாயிறுதோறும் கோவிலில் முன்வரிசையில் நின்று, புத்தகம் பாராமல் பத்துப் பதினைந்து பாட்டுப் பாடுகிற பிள்ளை அவள்! அவளுக்குப் பாட்டு வராது என்று எப்படிச் சொல்வது? எங்களுக்குத்தான் பாட்டைத் தேர்ந்தெடுக்க வரவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு வாக்கியமே.

இனி எங்கே போய்ப் படிப்பது? வெகுதூரம் போகவேண்டியதில்லை. குழந்தைப் பாட்டு எப்படி இருக்கவேண்டும் என்பதைத் தமிழ்நாட்டிற்கே எழுதிக் காட்டியவர் நம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876ஆம் ஆண்டு சுசீந்திரத்திற்கு அருகிலுள்ள தேரூரில் பிறந்தார். அக்காலத்தில் இப்பகுதி திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. பள்ளியில் அவர் மலையாளம் படிக்க நேர்ந்தது. தமிழை அவருக்கு முறையாகக் கற்பித்தவர் திருவாவடுதுறை மடத்தைச் சேர்ந்த சாந்தலிங்கத் தம்பிரான். பள்ளியில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி, மடத்திற்குப் போனால் இலக்கணத் தமிழ் என்று வளர்ந்த பிள்ளை அவர். விளவங்கோடு வட்டத்தில் இரண்டு மொழிகளுக்கு நடுவே வளரும் நம் பிள்ளைகளுக்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது.

பின்னர் அவர் ஆசிரியரானார். கோட்டாற்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியராகத் தொடங்கி, ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலும், திருவனந்தபுரத்தில் பெண்கள் கல்லூரியிலும் பணிபுரிந்தார். ஏறத்தாழ 36 ஆண்டுகள் ஆசிரியத் தொழில். 'மலரும் மாலையும்' என்னும் அவருடைய தொகுதி 1938இல் வெளிவந்தது. 'கவிமணி' என்ற பட்டம் 1940இல் சென்னையில் அளிக்கப்பட்டது. 1954இல் மறைந்தார். எட்வின் ஆர்னால்டின் நூலைத் தழுவிய 'ஆசிய ஜோதி', உமர் கய்யாம் பாடல்கள், மருமக்கள் வழிச் சொத்துரிமையால் குடும்பங்கள் பட்ட பாட்டைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் 'மான்மியம்' ஆகியவற்றைப் பெரியவர்கள் படிக்கட்டும். (கடைசியாகச் சொன்னதைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தந்துவிட வேண்டாம், பாட்டா, பாட்டிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், பிள்ளைகள் திருதிருவென்று விழிப்பார்கள்.)

குழந்தைகளுக்காக அவர் எழுதியவற்றுள் 'பசுவும் கன்றும்' என்ற சிறு பாட்டை எடுத்துக்கொள்வோம். பெற்றோர் பலரும் தொடக்கப்பள்ளியில் படித்திருப்பீர்கள். அதில் என்ன இருக்கிறது? தோட்டத்தில் ஒரு பசு; அதன் கன்று. ஓர் அடியில் பசு ஒன்றைச் செய்கிறது. அடுத்த அடியில் கன்று ஒன்றைச் செய்கிறது. பசு, கன்று என்ற இரண்டு பெயர்களும் அடிகளின் முடிவில் மாறி மாறி வந்து நிற்கின்றன. வினைச்சொற்கள் எல்லாம் வீட்டில் பேசுகிறவை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அகராதி தேவைப்படும் சொல் ஒன்றுகூட இல்லை. 'ஆதலால் குழந்தைகளே, தாயை மதியுங்கள்' என்று முடிவில் ஒரு வரி ஒட்டவும் இல்லை. 36 ஆண்டுகள் வகுப்பில் நின்ற ஆசிரியர், அறிவுரை சொல்லத் தெரியாதவரா? சொல்லவேண்டாம் என்று விட்டிருக்கிறார். தாயின் அன்பு பசு நக்குவதிலேயே முடிந்துவிட்டது.

அப்பாட்டை நாங்கள் ஒன்றாம் வகுப்பில் இப்படிச் செய்து பார்த்தோம். வகுப்பின் ஒரு பாதி பசு. மறு பாதி கன்று. ஓர் அடி இவர்கள், ஓர் அடி அவர்கள். இரண்டாம் முறையே புத்தகத்தை மூடிவிட்டார்கள். மூன்றாம் முறை கன்றுகள் எல்லாம் பெஞ்சைவிட்டு எழுந்து துள்ளத் தொடங்கின. பக்கத்து வகுப்புச் சகோதரி வந்து எட்டிப் பார்த்தார்கள். பாட்டை மனப்பாடம் செய்யச் சொன்னவர் யாருமில்லை.

கவிமணி ஆங்கிலக் குழந்தைப் பாடல்களையும் தமிழில் தந்திருக்கிறார். ஆங்கிலத்தில் ஸ்டீவன்சன் 1885இல் வெளியிட்ட குழந்தைப் பாட்டுத் தொகுதி உலகப் புகழ் பெற்றது. சிறுவயதில் நோயாளியாய்ப் படுக்கையில் கிடந்தவர் அவர். தம் நிழல், ஊஞ்சல், போர்வையின் மடிப்புகளை மலைகளாக்கி ஆடிய விளையாட்டு என்று ஒரு சிறுவனின் கண்ணுக்குத் தெரிவதையே பாடினார். நல்ல குழந்தைப் பாட்டில் பெரியவர் குனிந்து குழந்தையின் உயரத்திற்கு வந்துவிடுகிறார். தேராத பாட்டிலோ, பெரியவர் நாற்காலியில் அமர்ந்தபடி விரலை ஆட்டுகிறார்.

இங்கே பெற்றோர் சிலர் கேட்கக்கூடும்: "நல்ல கருத்து இல்லாவிட்டால் பாட்டு எதற்கு? ஔவையார் அறிவுரைதானே சொன்னார்?" நியாயமான கேள்வி. எங்கள் குழுவிலேயே இதைப் பற்றி இரண்டு கருத்து இருந்தது, இன்னும் இருக்கிறது.

ஆத்திசூடியை எடுத்துப் பாருங்கள். 109 அடிகள், எழுத்து வரிசையில் அடுக்கியவை. பெரும்பாலும் இரண்டிரண்டு சொற்கள். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுத்தை எழுதும்போதே அந்த எழுத்தில் தொடங்கும் ஓர் அடியும் நாவில் ஏறிவிடும். கருத்து உயர்ந்ததுதான். ஆயினும் நூற்றாண்டுகளாக அதைக் காப்பாற்றியது அதன் சுருக்கமும் எழுத்து வரிசையும் அல்லவா? நீளமான அறவுரைகள் எத்தனையோ மறைந்துபோயிருக்கும். பாரதியார் 1915இல் வெளியிட்ட பாப்பா பாட்டிலும் அறிவுரை இருக்கிறது. ஆனால் அதில் குருவியும் கோழியும் காக்கையும் பசுவும் ஊடே ஊடே வந்துபோகின்றன. ஓடச் சொல்லித் தொடங்குகிறாரே ஒழிய, உட்காரச் சொல்லித் தொடங்கவில்லை. ஆகவே, அறிவுரை இருப்பது குற்றமன்று. பாட்டு ஒன்றும் அறிவுரை ஒன்றுமாக இருந்து, ஒன்றின் வாலில் மற்றொன்றைக் கட்டியிருப்பதே குற்றம். கடைசிக் கண்ணியை விரலால் மறைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள். மீதியிருப்பது பாட்டாக நின்றால் வாங்கலாம்.

எங்கள் முக்கியமான சோதனை வேறு. அது எளிது, காசு செலவில்லை, கடையிலேயே செய்யலாம். புத்தகத்தை எங்கேனும் திறந்து ஒரு பாட்டை வாய்விட்டுப் படியுங்கள். கடைக்காரர் பார்ப்பார்; பார்க்கட்டும். நம் நாக்கு இடறும் இடத்தில் பிள்ளையின் நாக்கும் இடறும். இரண்டாம் முறை படிக்கும்போது கை தானாகத் தாளம் போடுகிறதா என்று கவனியுங்கள். தமிழ்ப் பாட்டின் ஓசைக்கு மூன்று பிடிகள் உண்டு. சீர்களும் அடிகளும் ஒரே வகை எழுத்தில் தொடங்குவது மோனை. இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது எதுகை. அடியின் முடிவு ஒத்துவருவது இயைபு. பழைய செய்யுள்கள் பெரும்பாலும் முதல் இரண்டையே நம்பி நடந்தன. சிறு பிள்ளைகள் முதலில் பற்றிக்கொள்வதோ, எங்கள் அனுபவத்தில், அடிமுடிவின் ஓசையையும் திரும்பத் திரும்ப வரும் சொல்லையும்தான். ஆகையால் கீழ்வகுப்புகளுக்கு அடி குட்டையாகவும் முடிவு ஒத்ததாகவும் உள்ள பாடல்களைத் தேடுங்கள். ஆறாம் வகுப்பிற்குமேல் எதுகை மோனையின் சுவை தானாகவே பிடிபடும். அப்போது மூதுரை 30 வெண்பாவும் நல்வழி 40 வெண்பாவும் கொடுக்கலாம். சமண முனிவர்கள் பாடியதாக வழங்கும் நாலடியாரிலிருந்து பொறுக்கிய சிலவற்றையும் சேர்க்கலாம். மலைமேல் சமணப் பள்ளியை வைத்துக்கொண்டு அதைப் படிக்காமல் விடுவது அழகன்று.

வெண்பா என்றதும் பதிப்பைப் பற்றி ஒரு சொல். ஒரே நூலைப் பலர் அச்சிடுகிறார்கள், எல்லாம் ஒன்றல்ல. சில பதிப்புகளில் செய்யுளைச் சீர் சீராகப் பிரித்திருப்பார்கள். யாப்புக்கு அது சரி. ஆனால் சொல் நடுவே முறிந்து, பாதி இங்கும் பாதி அங்கும் கிடக்கும். பிள்ளை அதைப் பார்த்து முறிந்த சொற்களாகவே மனப்பாடம் செய்துவிடுகிறாள். அவளிடம் பொருளைக் கேட்டால் எங்கிருந்து வரும்? சந்தி பிரித்த பதிப்பே பள்ளிக்கு ஏற்றது. பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் எல்லார் கைக்கும் எட்டச் செய்தவர் மர்ரே ராஜம். 1950களில் அவர் செய்த அத்தொண்டைத் தமிழாசிரியர்கள் இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள்.

பாரதியார் பாடல்களை வாங்கும்போது இன்னும் விழிப்புத் தேவை. அவற்றின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றுப் பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. அதனால் எளியோர் வீட்டிலும் பாரதி புகுந்தார். அதே காரணத்தால், பிழை திருத்தாமல் அவசரமாக அச்சடித்த மலிவுப் பதிப்புகளும் புகுந்தன. மூன்று பக்கம் புரட்டுங்கள். ஒற்றெழுத்து விழுந்திருக்கிறதா, ரகர றகரம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பாட்டில் ஓர் எழுத்து விழுந்தால் தாளமும் விழும். எழுத்தின் பருமன், தாளின் கனம், தையலின் உறுதி ஆகியவற்றையும் பாருங்கள். ஒட்டுக்கட்டுப் புத்தகம் நம் மழைக்காலத்து ஈரத்தில் ஒரே பருவத்தில் இதழ் இதழாகப் பிரிந்துவிடும். படத்தைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். ஒரு பாட்டுக்கு ஒரு நல்ல கோட்டுப்படம் போதும். பாட்டுச் சொல்லாததைப் படம் சொன்னால் நன்று. பாட்டை மறைத்துக்கொண்டு நின்றால் அது விளம்பரத் தாள்.

சொற்களைப் பற்றியும் எங்களுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. பாடப் பாட்டில் 'பலா' என்று வருகிறது. நம் பிள்ளைக்கு அது சக்கை. புத்தகத்தில் பதநீர், வீட்டில் அக்கானி. மரச்சீனி என்ற சொல் எந்தப் பாட்டுப் புத்தகத்திலும் எங்கள் கண்ணில் படவில்லை. அதை அவித்து உண்ணாத வீடு நம் ஊரில் இருக்கிறதா? ஊர்ச்சொல் இல்லாத புத்தகத்தை வாங்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படியானால் ஒன்றும் வாங்க முடியாது. பலாவும் சக்கையும் ஒன்றே என்று வகுப்பில் சொல்லி, இரண்டையும் பலகையில் எழுதிவைத்தால் பிள்ளைக்கு இரண்டு சொல் சொந்தமாகிறது. 'சக்கை தப்பு, பலாதான் சரி' என்று சொன்னாலோ, அவள் வீட்டையே தப்பென்று சொன்னதாகிவிடும். மழலையர் வகுப்பில் மழையைப் போ, போ என்று துரத்தும் ஆங்கிலப் பாட்டைப் பற்றியும் ஒரு குறை சொல்லப்படுவதுண்டு: மழைக்கு ஏங்கும் நாட்டில் இப்படிப் பாடலாமா என்று. இரண்டு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில், ஆனி ஆடியில் சீருடை காயாத வாரங்களில், நம் தாய்மாரே அதைப் பாடினாலும் வியப்பில்லை!

சிரிப்பை மறந்துவிடக் கூடாது. எங்கள் பழைய பட்டியலில் அது அறவே இல்லை. புதுக்கோட்டைச் சீமையின் ராயவரத்தில் 1922இல் பிறந்து, வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே வாழ்நாள் முழுதும் குழந்தைகளுக்கு எழுதியவர் அழ. வள்ளியப்பா. 1944இல் 'மலரும் உள்ளம்' என்று ஒரு சிறு தொகுதியாகத் தொடங்கியது பின்னர் பெருகி வளர்ந்தது. குழந்தை எழுத்தாளர் சங்கம் 1950இல் தோன்றியதும் அவர் முயற்சியாலேயே. அவர் பாட்டுகளில் எலி, யானை, மாம்பழம், மிட்டாய், ஏமாறுகிற பெரியவர்கள் எல்லாம் உண்டு. 'இதில் என்ன இலக்கிய நயம்?' என்று கேட்கும் பெரியவர்கள் ஒருமுறை மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார வேண்டும். மேடையில் நின்றுபோனாளே, அந்தச் சிறுமியின் பெயர் நூலகப் பதிவேட்டில் 'மலரும் உள்ளம்' என்ற பெயருக்கு நேரே இந்த ஆண்டு மூன்று முறை இருக்கிறது. போட்டிக்கு மட்டும் இன்னும் பெயர் கொடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பெண்கள் பள்ளி என்ற முறையில் இன்னொன்றும் எண்ணிப் பார்த்தோம். தொகுதி ஒன்றைக் கையில் எடுத்து, பாட்டுகளில் வரும் சிறுவர் எத்தனை பேர், சிறுமியர் எத்தனை பேர், யார் யார் என்ன செய்கிறார்கள் என்று எண்ணச் சொன்னோம். எட்டாம் வகுப்பு மாணவியர் உற்சாகமாக எண்ணினார்கள். எடுத்த தொகுதிகள் பலவற்றில் தம்பி பட்டம் விடுகிறான், ரயில் ஓட்டுகிறான், நிலாவுக்குப் போகிறான். தங்கை பொம்மைக்குச் சட்டை தைக்கிறாள். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகும் தாய்க்குத் துணையாக விளக்கெடுத்து நடக்கும் பிள்ளையை அப்புத்தகங்களில் காணோம். இதற்காக அந்தப் பாட்டுகளைத் தள்ளிவிட வேண்டியதில்லை. பல நல்ல பாட்டுகள். ஒரே வகையை மட்டும் வாங்கிக்கொண்டிருக்க வேண்டாம் என்றே சொல்கிறோம். மேல்வகுப்பினர் மாயூரம் வேதநாயகம் பிள்ளையைத் தேடிப் படிக்கலாம். 1826இல் பிறந்த கத்தோலிக்கர், முன்சீப்பாக இருந்தவர், தமிழின் முதல் நாவலை எழுதியவர். பெண்கள் படிக்கவேண்டும் என்று 'பெண்மதி மாலை'யை 19ஆம் நூற்றாண்டிலேயே பாட்டாக எழுதினார். நடை பழையது, ஆசிரியை பக்கத்தில் இருக்கவேண்டும்.

திருச்சபையின் செல்வத்தைப் பற்றிச் சகோதரிகள் நினைவூட்டினார்கள். வீரமாமுனிவரின் தேம்பாவணி 3,615 பாடல்கள் கொண்ட பெருங்காப்பியம். இத்தாலியிலிருந்து வந்த ஒருவர் தமிழில் இவ்வளவு பாடினார் என்பது வியப்பிலும் வியப்பு! ஆனால் முதற்பரிசு என்று சொல்லி ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கையில் அதைக் கொடுப்பது பரிசாகாது, சுமை. அவளுக்கு அவருடைய பரமார்த்த குரு கதையைக் கொடுங்கள். உரைநடைதான், ஆனாலும் சிரிப்பாள். தேம்பாவணி ஆசிரியையின் மேசையில் இருக்கட்டும். விழாக்காலத்தில் ஓரிரு பாடலை அவர் எடுத்துப் பாடிக் காட்டட்டும். திருப்பாடல்கள் நமக்கு அன்றாடம் கிடைக்கும் கவிதை. பழையவர்கள் சங்கீதம் என்று சொல்வோமே, அவைதாம். எபிரேயக் கவிதையில் முதல் அடி சொன்னதையே இரண்டாம் அடி வேறு சொல்லால் மறுபடி சொல்லும். ஓசை ஒத்துவராவிட்டாலும் பொருள் ஒத்துவரும். மொழிபெயர்த்தாலும் கெடாத கவிதை இது. பூசையில் இரு பக்கமும் மாறி மாறிச் சொல்லிப் பழகிய பிள்ளைகள் பசுவையும் கன்றையும் அவ்வளவு விரைவில் பிடித்துக்கொண்டதில் வியப்பென்ன?

புத்தகம் வாங்கியாயிற்று, வகுப்பில் என்ன செய்வது? முதலில், பொருள் கேட்காதிருப்பது. பாட்டைப் படித்த மறுகணமே 'இதனால் கவிஞர் கூறுவது யாது?' என்று கேட்டால் பிள்ளை பாட்டை விட்டுவிட்டு விடையைத் தேடத் தொடங்குகிறாள். மூன்று நாள் பாடட்டும். நான்காம் நாள் அவளே ஏதாவது கேட்பாள். வாரத்தில் ஒருநாள் பத்து நிமிடம், தேர்வில் வராத ஒரு பாட்டு. ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு சிறு நோட்டு. தனக்குப் பிடித்ததை மட்டும் அதில் எழுதிக்கொள்வாள். அதைத் திருத்துவதில்லை, மதிப்பெண் இல்லை. ஒப்பித்தல் போட்டிக்கு இனிப் பாட்டைப் பிள்ளையே தேர்வாள் என்றும் முடிவு செய்திருக்கிறோம். கைபேசியில் பாட்டுக் காட்டும் தாய்மாருக்கு ஒரு விண்ணப்பம். காட்டுங்கள், தவறில்லை; ஆனால் ஒருமுறை ஓசையை நிறுத்திவிட்டு நீங்களே பாடுங்கள். உங்கள் குரல் நன்றாயிருக்கவேண்டும் என்று எந்தப் பிள்ளையும் எதிர்பார்ப்பதில்லை.

கடையில் விற்காத பாட்டுகளும் உண்டு. நம் பாட்டிமார் தொட்டிலை ஆட்டும்போதும், தேங்காய் துருவும்போதும், நாற்று நடும்போதும் பாடியவை. நா. வானமாமலை தமிழ்நாட்டின் பல பகுதிகளிலிருந்து இத்தகைய பாட்டுகளைத் திரட்டி 1964இல் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' என்று வெளியிட்டார். 'எங்க வீட்டுல பாட்டு ஒண்ணும் இல்ல சிஸ்டர்' என்று சொன்ன மாணவியின் பாட்டி, நாங்கள் போய்க் கேட்டபோது, முதலில் வெட்கப்பட்டு, பிறகு சாயா ஆறும்வரை பாடிக்கொண்டிருந்தார். அதில் இருந்த சில சொற்கள் தமிழா மலையாளமா என்று எங்களுக்கே விளங்கவில்லை. மாணவி வாயைப் பிளந்து கேட்டாள்.

ஆகையால் இந்த ஆண்டு நூலகத்தில் ஒரு தடித்த நோட்டு வைத்திருக்கிறோம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் மாணவியர் தத்தம் வீட்டிலும் அண்டையிலும் உள்ள மூத்தோரிடம் கேட்டு எழுதி வருக. பாடியவர் பெயர், ஊர், எந்த வேலையின்போது பாடுவது என்ற குறிப்பு வேண்டும். புரியாத சொல்லைத் திருத்தாமல் காதில் விழுந்தபடியே எழுதவேண்டும். மறந்துபோன அடிக்குப் புள்ளியிட்டு இடம் விட்டால் போதும், வேறொரு வீட்டில் அது கிடைக்கலாம். எழுதத் தெரியாத கீழ்வகுப்பினர் பாடிக் காட்டினால் நூலகச் சகோதரி எழுதிக்கொள்வார்கள். மாலை நாலு மணிக்குமேல் வரவும்.